எடை போட்டாச்சு மேடம்

வல்லரசை வாழ்நாளில் யாரும் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. ஹார்பர் கேட்டில் நிற்கிற காவலாளிக்கு அவன் 'டேய்'. டிராபிக் போலீஸ்காரர் அதைவிட மோசமாக ஒரு வார்த்தை வைத்திருந்தார். டிரெய்லர் ஓனர் மனசு குளிர்ந்த நாளில் 'தம்பி' என்பார், மற்ற நாளில் கையைச் சொடுக்குவார். நாற்பது அடி கன்டெய்னரை இழுத்துக்கொண்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நாள் கணக்கில் வரிசையில் கிடக்கிற டிரைவருக்கு அதற்குமேல் யார் மரியாதை கொடுக்கப் போகிறார்கள்? அதனால்தான் அந்தப் பெண் போனில் "வல்லரசு சாருங்களா?" என்று கேட்டதும், வேறு யாரையோ தேடுகிறாள் என்று நினைத்துவிட்டான்.

"நாந்தாங்க... யாரு?"

"வணக்கம் சார். குழந்தைகள் நல மையத்துலேர்ந்து ஷெர்லின் பேசறேன். உங்க பையன் அறிவுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிடுச்சு இல்லீங்களா? இனிமே மாசா மாசம் எடை பார்க்கணும் சார். வர்ற வெள்ளிக்கிழமை விம்கோ நகர் பால்வாடிக்கு நர்ஸ் வர்றாங்க. வீட்ல சொல்லி அனுப்பி வைக்கறீங்களா?"

"அனுப்பறேன் மேடம். கண்டிப்பா அனுப்பறேன்."

ராயபுரத்தில் ஒரே ஓர் அறையில் நடந்துகொண்டிருந்த அமைப்பு அது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. காய்கறிக்காரன் கையில்கூட செல்போன் வந்துவிட்டிருந்தது. சொல்லிச் சொல்லிப் பார்த்தும் தாய்மார் பிள்ளைகளைப் பரிசோதனைக்குக் கொண்டுவருவதில்லை, போனிலாவது நினைவுபடுத்துவோம் என்று அவர்கள் வீடு வீடாகப் போய் நம்பர் வாங்கினார்கள். நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் வல்லரசு வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் பெண்சாதி செங்கொடி அந்த நம்பரைத்தான் கொடுத்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறவளுக்குப் போக வேண்டிய சேதி, மூன்று நாளைக்கு ஒருமுறை வீட்டுப் பக்கம் தலைகாட்டுகிறவனுக்குப் போயிற்று.

அவன் அந்தச் சேதியை வீட்டில் சொல்லவே இல்லை. மறதி ஒன்றும் கிடையாது. அவனுக்கு எடை போடுவதே ஆகாது.

கல்யாணமாகி ஐந்து வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை அறிவு. கைக்குழந்தையாக இருந்தபோது செங்கொடி ஒருமுறை பால்வாடிக்குத் தூக்கிப் போனாள். அங்கே உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, அதன் கொக்கியில் துணித் தொட்டிலை மாட்டி, அதில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் இருபது பெண்கள். ஆயா முள்ளைப் பார்த்துவிட்டு, "அம்மாடி, இன்னா வெயிட்டு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அன்று சாயந்தரமே பிள்ளைக்கு அனல் மாதிரி காய்ச்சல். வல்லரசு வீட்டையே இரண்டாக்கிவிட்டான்.

"புள்ளைய இன்னா கறிக்கடையில தொங்க வுடற மாதிரி தொங்க வுட்டுக் காட்டிகினு வர்றியா? எட போடறதுன்னா இன்னாமே அர்த்தம்? எம்புள்ள இவ்ளோ கீறான்னு ஊருக்கே டமாரம் அடிக்கறது. அத்தினி கண்ணும் அவம் மேலதான்!"

தடுப்பூசி போடுவதற்கு அவன் தடை சொல்லவில்லை. எடை மட்டும் கூடவே கூடாது என்றான். செங்கொடியும் அதற்குப் பிறகு பால்வாடிப் பக்கம் போகவில்லை.

அடுத்த மாதம் ஷெர்லின் மறுபடி கூப்பிட்டாள். "சார், அறிவு வரலைன்னு நர்ஸ் சொன்னாங்களே?"

உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். 'எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை மேடம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் 'சார்' என்று கூப்பிடுகிறவளிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "வெளியில ஆஸ்பத்திரில எட போட்டாச்சு மேடம்" என்று அவிழ்த்துவிட்டான்.

"அப்படியா! எவ்வளவு சார்?"

முன்னால் நின்ற கன்டெய்னரின் கதவில் என்னென்னவோ எடைக் கணக்கு எழுதியிருந்தது. அதைப் பார்த்தபடியே, "பதினொண்ணு மேடம்" என்றான்.

"சூப்பர் சார்! வேலைக்குப் போற அப்பாங்க இவ்வளவு அக்கறையா பார்த்துக்கறது அபூர்வம் சார்."

போனை வைத்த பிறகும் அவன் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. பின் வண்டியிலிருந்து பரசுராமன் இறங்கி வந்தான். அத்திப்பட்டுக்காரன், வல்லரசோடு எட்டு வருஷமாக இந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன், ஊர் வம்பெல்லாம் அவன் நாக்கு நுனியில் இருக்கும்.

"யாரு மாமு லைன்ல? பல்லு அத்தினியும் வெளிய தெரியுது?"

"ஆஸ்பத்திரி மேடம்டா."

"ஆஸ்பத்திரி மேடத்துக்கு நீ ஏன் வெக்கப்படறே? செங்கொடிக்குத் தெரியுமா?" என்று பரசுராமன் கண்ணடித்தான். வல்லரசு மறுக்கவும் இல்லை. இரண்டு மூன்று மாதம் இப்படியே போயிற்று. அவள் கூப்பிடுவாள், இவன் ஓர் எண்ணைச் சொல்லுவான், அவள் பாராட்டுவாள். பொய் சொல்லி வாங்கின பாராட்டு என்றாலும் தொண்டையில் இனிப்பாகத்தான் இறங்கியது. தான் நல்ல தகப்பன் என்று அவன் மனசார நம்பவும் ஆரம்பித்துவிட்டான். பாவி மனுஷன்!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். நான்கு நாள் வரிசையில் கிடந்துவிட்டு வல்லரசு வீட்டுக்குப் போனபோது பிள்ளை வாசலில் உட்கார்ந்திருந்தான். கன்னம் இரண்டும் உப்பிக் கண்ணை மூடுகிற மாதிரி ஏறியிருந்தது. கை மணிக்கட்டில் மடிப்பு விழுந்திருந்தது.

"டேய் குண்டா! டேய் எங்குண்டா!" வல்லரசுக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கிச் சுற்றினான். புதிதாக வாங்கிய கேமரா போனில் படம் எடுத்தான். பிள்ளை சிரிக்கவில்லை. அப்பன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

செங்கொடி அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"காலைல எழுந்தா கண்ணே தொறக்க முடியலய்யா அவனுக்கு. பொழுது சாய்ஞ்சா கொஞ்சம் வத்துது. அரைஞாண் கயிறு இறுக்கித் தடம் வுழுந்துட்ச்சு, அறுத்துட்டு வேற கட்டனேன். ரெண்டு வாய் சோறு துன்றதே பெரும்பாடு கீது."

"துன்னாமதான் குண்டாவறானா? உனுக்கு இன்னாமே, புள்ள ஒல்லியா இருந்தாலும் பேஜாரு, தேறுனாலும் பேஜாரு."

"அதில்லய்யா, எனுக்கு இன்னாவோ..."

"சும்மா கெட."

அவள் அடுப்படிக்கே திரும்பிப் போனாள். ஐந்து வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த காலத்தில் ஊர்ப் பேச்சையும் புருஷன் பேச்சையும் சேர்த்துக் கேட்டவள், எதிர்த்துப் பேசுவது அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

அன்று சாயந்தரம் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு பீடி வாங்கப் போனான், செங்கொடியும் கூட வந்தாள். கடைக்காரி சுகிர்தம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். புருஷன் மொத்த வியாபாரத்துக்குப் போய்விட, சில்லறைக் கடையை அவள்தான் பார்த்துக்கொள்வாள். கல்லாவிலிருந்து எட்டிப் பிள்ளையை உற்றுப் பார்த்தாள்.

"ஏ செங்கொடி, பிள்ளைக்கு மூஞ்சி வீங்குன மாதிரில்லா இருக்கு? எங்க அண்ணன் மவனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ, சொல்லுதேன்."

வல்லரசுக்குச் சுருக்கென்றது. "இன்னாக்கா, எம்புள்ள நாலு பேரு மெச்சற மாதிரி இருந்தா உனுக்கு இன்னா எரியுது? வீக்கமாம் வீக்கம்! உங் கண்ணு பட்டுதான் இவன் சோறு துன்ன மாட்டேன்றான்."

"எய்யா, நான் நல்லதுக்குத்தானே..."

"உன் நல்லது இன்னான்னு எனுக்குத் தெரியும்." செங்கொடி பக்கம் திரும்பினான். "இனிமேட்டு இந்தக் கடை வாசப்படி மிதிச்சே, காலை ஒட்ச்சிடுவேன்."

சுகிர்தம் பீடிக் கட்டை எடுத்துக் கல்லா மேல் வைத்தாள். செங்கொடி மட்டும் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே போனாள். வீட்டுக்கு வந்து வல்லரசே மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டான். நெடி ஏறவே இல்லை. இருமலும் இல்லை, தும்மலும் இல்லை. கண்பட்டிருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பது தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. "பாத்தியா?" என்று செங்கொடியிடம் சொன்னான். மழைக்காலத்தில் நமுத்துப் போன மிளகாய் எங்கே நெடி அடிக்கும்? அதை யோசிக்க அவனுக்குத் தோன்றவில்லை. மறுநாள் விடியும்போதே வண்டிக்குப் போய்விட்டான்.

அந்த வாரம் ஷெர்லின் கூப்பிட்டபோது அவனுக்கு வாய் அடங்கவில்லை. "பதினாறு மேடம்! எம்புள்ளைய நீங்க பாக்கணும், சும்மா கொழுகொழுன்னு கீறான்."

எப்போதும் சட்டென்று வருகிற 'சூப்பர் சார்' வரவில்லை.

"சார், போன மாசம் பன்னெண்டரைன்னு சொன்னீங்க."

"ஆமா மேடம்."

"ஒரு மாசத்துல அவ்வளவு ஏறாது சார். ஏறவும் கூடாது. காலையில முகம் வீங்கி இருக்கா? யூரின் குறைவா போறானா? கால்ல வீக்கம் இருக்கா, பார்த்தீங்களா?"

அவள் கேட்ட ஒவ்வொன்றும் உள்ளதுதான். அதனால்தான் அவனுக்கு அவ்வளவு கோபம் வந்தது. உள்ளே எங்கோ ஓர் இடத்தில் பயம் குத்தியது. அதைக் கோபமாக்கி வெளியே தள்ளிவிட்டான்.

"இன்னாம்மா நீ? புள்ள ஒல்லியா இருந்தா சத்து இல்லேன்றீங்க, தேறுனா வியாதின்றீங்க! போன்லயே கண்ணு வெக்கறியா நீ?"

"சார், தயவுசெஞ்சு கேளுங்க, இன்னைக்கே டாக்டர்கிட்ட..."

சிவப்புப் பொத்தானை அமுக்கினான். அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி அமுக்கினான். அன்றைக்கு எத்தனை முறை அடித்திருக்கும் என்று அவனுக்கே நினைவில்லை. மறுநாளும் அடித்தது, அதற்கு மறுநாளும் அடித்தது. இங்கிலீஷ் எழுத்தில் மெசேஜ் வந்தது. படிக்கத் தெரியாது, அழித்துவிட்டான். அவள் வேலையை அவள் குறைவில்லாமல் செய்தாள். வீட்டு விலாசத்துக்கு நர்ஸை அனுப்பப் பார்த்தாள், மழையில் விம்கோ நகர் சந்தெல்லாம் முட்டளவு தண்ணீர், நர்ஸ் அந்தப் பக்கம் வரவில்லை.

"இன்னா மாமு, மேடத்தோட சண்டையா?" என்று பரசுராமன் சீண்டினான். "எடுத்து ரெண்டு வார்த்த பேசேன், பாவம், போனே தேஞ்சு போவுது."

"உன் வேலையைப் பாத்துகினு போடா."

அந்த ரோட்டில் வரிசை என்றால் சும்மா இல்லை. ஒரு பக்கம் கல் கொட்டிய கரையில் கடல் மோதும். இன்னொரு பக்கம் கன்டெய்னர் யார்டுகளும் கரித் தூசியும். நடுவில் டிரெய்லர்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாகத் துறைமுகம் வரைக்கும் நிற்கும். ஒரு வண்டி நகர்ந்தால்தான் அடுத்தது நகரும். கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் பின்னாலிருப்பவன் இடத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். அதற்காகக் கல்லெடுத்து அடித்துக்கொண்ட கதையெல்லாம் உண்டு. அந்த முறை ஐந்து நாளாக வல்லரசு அந்த வரிசையில் கிடந்தான்.

ஐந்தாம் நாள் நடுப்பகலில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஷெர்லின்தான் வேறு நம்பரிலிருந்து அடிக்கிறாள் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அடிக்கவிட்டான். விடாமல் அடித்தது, எடுத்தான். செங்கொடியின் குரல். பக்கத்து வீட்டு ஜெயக்கொடியின் போனிலிருந்து பேசினாள்.

"யோவ், ஏன்யா எடுக்கல? புள்ள வயிறு கல்லாட்டம் ஆயிப்போச்சுய்யா. தொட்டா வீல்னு கத்தறான். நேத்துலேர்ந்து ஒரு சொட்டு ஒண்ணுக்குப் போவலய்யா. மூச்சு... மூச்சு வுட முடியாம..."

வல்லரசு வண்டியிலிருந்து குதித்தான். சாவியைப் பரசுராமன் கையில் திணித்தான். "வண்டிய நகத்திக்கோடா" என்று மட்டும் சொன்னான். எதிரே பைக்கில் வந்த ஒருவனைக் கும்பிட்டு நிறுத்தி, டிரெய்லர்களுக்கும் கல் கரைக்கும் நடுவில் இருந்த சந்தில் ஏறிப் போனான்.

வீட்டில் பிள்ளை பாயில் கிடந்தான். வயிறு ஊதி மேலெழும்பி, தோல் பளபளவென்று இழுபட்டு நின்றது. தொப்புள் வெளியே தள்ளியிருந்தது. அப்பனைப் பார்த்தும் கையை நீட்டவில்லை. இதையா 'குண்டா குண்டா' என்று தூக்கிச் சுற்றினோம் என்று வல்லரசின் நெஞ்சு பதறியது. ஆட்டோவில் போகும்போது அதே வரிசையில் அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். டிரெய்லர் டிரைவர்களைப் பார்த்து அவன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான், கெஞ்சினான், கெட்ட வார்த்தையால் திட்டினான். வழிவிடத்தான் அவர்களுக்கும் இடமில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண். பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அமுக்கி எடுத்தாள். அமுக்கின இடத்தில் குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நல்லா குண்டா இருந்தான் டாக்டர்..." என்றான் வல்லரசு.

"குண்டு இல்லைங்க இது. எல்லாம் தண்ணி. சிறுநீரகம் சத்தையெல்லாம் வெளியில விட்டுடுது, அதனால உடம்பு பூரா நீர் கோத்துக்கும். ஆரம்பத்துல கொண்டுவந்திருந்தா மாத்திரையிலேயே கேட்கும். நிறைய குழந்தைங்க நல்லாயிடறாங்க. இப்ப வயித்துல சீழ் பிடிச்சிருக்கு." அவள் ஊசிக்குச் சொல்லிக்கொண்டே கேட்டாள், "யாருமே எடை போட்டுப் பார்க்கலையா? மாசா மாசம் பார்த்திருந்தா எடை திடீர்னு ஏறும்போதே தெரிஞ்சிருக்குமே?"

செங்கொடி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

மருந்து ஏறியது. இரண்டு மூன்று நாளில் நீர் வடியத் தொடங்கியது. முதலில் வல்லரசுக்கு நம்பிக்கை வந்தது, வீக்கம் வடிந்தால் நல்லதுதானே? ஆனால் வடிய வடிய உள்ளேயிருந்து வெளியே வந்த பிள்ளையை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். தொடைத் தோல் சுருங்கித் தொங்கியது. மாதக் கணக்கில் பிள்ளை இப்படி உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்திருக்கிறான், மேலே இருந்த தண்ணீரைப் பார்த்து அப்பன் பூரித்துப் போயிருந்திருக்கிறான். "ஐயோ, எம்புள்ள இதுவாடி?" என்று செங்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

அவள் கையை உதறினாள். "இதான்யா எம்புள்ள. நீ பாத்ததுதான் வேற. காட்டு காட்டுன்னு அந்த அக்கா சொல்லிச்சே. எனுக்கும் மனசு அடிச்சிகினுதானேய்யா இருந்துச்சு. உம் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்."

மருந்தளவு பார்ப்பதற்காக நர்ஸ் பிள்ளையை எடை போட்டாள். வல்லரசு பக்கத்தில் நின்று பார்த்தான். பிறகு வராண்டாவுக்குப் போய், முதன்முறையாக அவனாகவே அந்த நம்பருக்கு அடித்தான். ஒரே மணியில் எடுத்தாள்.

"சார்! அறிவு எப்படி சார் இருக்கான்? எவ்வளவு தடவை..."

"எட போட்டாங்க மேடம்."

"எவ்வளவு சார்?"

"எட்டு மேடம். எட்டு கிலோ."

அவன் வராண்டாத் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"முன்ன சொன்னது எல்லாம் பொய் மேடம். ஒருவாட்டி கூட எட போடல. இதான் நெஜம்."

"எந்த ஆஸ்பத்திரி சார்? எந்த வார்டு? நான் இப்பவே வர்றேன்."

"சார்னு கூப்பிடாத மேடம்" என்றான் வல்லரசு. "கும்பிட்டுக் கேக்கறேன். கூப்பிடாத."

அவள் வந்தாள். பார்த்தால் கல்லூரி முடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. செங்கொடியின் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழுதாள், வல்லரசை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் மதியம் சோறு கொடுக்கிற நேரத்தில், வார்டு முழுக்கத் தட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அறிவு போய்விட்டான். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். செங்கொடி எழுப்பிய ஓலத்தில் பக்கத்துக் கட்டில் பிள்ளைகளெல்லாம் அழுதன. வல்லரசுக்குக் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து செங்கொடி வியாசர்பாடியில் இருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். எப்போது வருவாள் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவனுக்கு டிரெய்லரை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. மறுபடி அதே ரோடு, அதே வரிசை. டிரைவர்கள் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள், வண்டியைத் துடைத்துக் கொடுத்தார்கள். ஆனால் அவன் கிட்டே வந்தால் பிள்ளைப் பேச்சை மட்டும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள்.

தை மாதத்தில் ஒருநாள், வெயில் தாழ்ந்த நேரம். பரசுராமன் தன் வண்டி நிழலில் உட்கார்ந்து மஜீதிடம் போனில் எதையோ காட்டிக்கொண்டிருந்தான். மஜீதும் டிரைவர்தான், கொஞ்சம் மூத்தவர், அதிகம் பேச மாட்டார்.

"பாரு பாய், எப்டி கீறான் பாரு! ஒரு மாசமா கொழுகொழுன்னு ஆயிட்டான். எங்காத்தா தூக்க முடியாம மூச்சு வாங்குது."

வல்லரசின் நிழல் விழுந்ததும் பரசுராமன் போனைக் கவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"காட்டுடா" என்றான் வல்லரசு.

"இன்னாத்த?"

"புள்ளையத்தான்."

"வுடு மாமு. அது சும்மா." பரசுராமன் வேறு பக்கம் பார்த்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவன் கண்ணில் தன் பிள்ளை படக்கூடாது என்று அவன் நினைக்கிறான். வல்லரசுக்கு அது புரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவனாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பான்.

"எட போட்டியா அவனுக்கு?"

"மாமு, வேணாம்."

"ஒரு மாசத்துல குண்டாயிட்டான்றியே. மூஞ்சி உப்பி கீதா? காலை அமுக்கிப் பாக்கச் சொல்லுடா. முட்டிக்குக் கீழ. குழி வுழுதான்னு..."

அவன் முடிக்கவில்லை, பரசுராமனின் கை அவன் கன்னத்தில் இறங்கியது. அடுத்தது வாயில். உதடு கிழிந்தது. "கய்தே! உம்புள்ள செத்தா எம்புள்ளையும் சாவணுமா? கண்ணு வெக்கறியா? எம்புள்ள மேல கண்ணு வெக்கறியாடா?" மஜீது ஓடிவந்து பரசுராமனின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தார்.

வல்லரசு கையை ஓங்கவில்லை. ரத்தத்தைத் துடைக்கவும் இல்லை.

"நானும் இதான்டா சொன்னேன்" என்றான். "இதே வார்த்தைய சொன்னேன். கடைக்கார அக்காவ சொன்னேன். போன்ல அந்தப் பொண்ணச் சொன்னேன். இன்னும் ரெண்டு அடி அடிச்சிக்கோ. அடிச்சிட்டு வூட்டுக்குப் போன் போடு."

பரசுராமனுக்கு மூச்சு இரைத்தது. மஜீதின் பிடியை உதறிவிட்டு, தரையில் காறித் துப்பிவிட்டு, டிரெய்லருக்குப் பின்னால் போய்விட்டான். மஜீது ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

டிரெய்லருக்குப் பின்னாலிருந்து பரசுராமனின் குரல் கேட்டது. "இன்னா பண்றான் புள்ள? தூங்கறானா? எழுப்பு... எழுப்புடின்றேன். கேள்வி கேக்காத. கால நீட்டு. முட்டிக்குக் கீழ கட்டை வெரலால நல்லா அமுக்கு. அமுக்கிட்டியா? எடு. குழி கீதா? நல்லாப் பாத்து சொல்லு... இல்லியா? நெஜமா இல்லியா? இன்னொரு கால்ல பாரு."



பரசுராமன் திரும்பி வந்தான். முகத்தில் கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது. வல்லரசின் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணுமில்ல. நல்லா கீறான்" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "வெள்ளிக்கெழம எட போட்டுட்டு வரச் சொல்லிட்டேன்."

வல்லரசு தலையாட்டினான். எழுப்பி, காலை நீட்டி, அமுக்கிப் பார்த்துச் சொல்லி முடித்தாயிற்று. மஜீதின் பீடி பாதிகூட எரியவில்லை. அவ்வளவுதானா? இவ்வளவு நேரம்தானா ஆகும் இதற்கு? அறிவின் காலைத் தொட்டுப் பார்க்க அவனுக்கு எத்தனை நாள் கிடைத்தது, எத்தனை முறை இந்தப் போனே அவனைக் கூப்பிட்டுச் சொன்னது!

ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போது வந்தது. டயர் ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்து, வாயைப் பொத்தக்கூட முடியாமல், பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதான். முன்னால் வரிசை நகர்ந்தது. அவன் வண்டிக்கு முன்னால் இடம் காலியாகிவிட்டது. பின்னாலிருந்தவர்கள் ஹாரனை அழுத்தத் தொடங்கினார்கள். பரசுராமன் ரோட்டின் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து, அத்தனை வண்டிகளையும் நிறுத்திவைத்தான்.